முள் காட்டியது 5.5, மண்ணில் இருந்தது 8.2: ஒரு வீட்டுத் தோட்டமும் மண் மீட்டரும்

சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரோ அடையாளமோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கருவியைத் தயாரித்தவரின் பெயரும் தேவையில்லை. இந்த வகை மீட்டர் பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் விற்பனைக்கு வருகிறது. இதில் யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த முடிவு, அப்போது கையில் இருந்த எண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

பின்னணி

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, வேலைக்குப் போகும் அவருடைய மகன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்திகள், ஒவ்வொன்றும் சுமார் 8 சதுர மீட்டர். முன்பாத்தியில் தக்காளியும் மிளகாயும், ஓரத்தில் இரண்டு ரோஜாச் செடிகளும். பின்பாத்தியில் வெண்டையும் அவரையும். இரண்டிலும் ஒரே மண்தான். மணல் கலந்த இருமண், ஒரே குவியலிலிருந்து எடுத்து நிரப்பியது.

பராமரிப்பில்தான் வித்தியாசம். முன்பாத்தி கதவை ஒட்டி இருந்ததால் அதற்குத் தினமும் தண்ணீர் கிடைத்தது. 15 நாளுக்கு ஒருமுறை குருணைக் கலப்பு உரமும் கிடைத்தது. பின்பாத்திக்கு மட்கு உரம் மட்டும்தான். தண்ணீரும் விட்டு விட்டுத்தான். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த எல்லாமே இதிலிருந்துதான் வந்தது.

முன்பாத்தித் தக்காளியின் இலைகள் லேசாக வெளிறியிருந்தன. அம்மாவுக்குக் கவலை. மகன் ஒரு மண் மீட்டர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு உலோகக் கம்பிகள், மேலே ஒரு முள், ஈரம், வெளிச்சம், பி.எச் என்று மூன்றுக்கும் தள்ளிவைக்க ஒரு சுவிட்ச். பி.எச் என்பது மண்ணின் புளிப்பையும் காரத்தையும் சொல்லும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பேட்டரி கிடையாது.

முதல் அளவீடும் முதல் முடிவும்

முதல் வாரத்தில் தண்ணீர் விட்ட மறுநாள் காலை முன்பாத்தியில் கம்பியைக் குத்திப் பார்த்தார்கள். பி.எச் 5.5. பின்பாத்தியில் குத்தினால் 7. பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை நல்லது என்று கருவியோடு வந்த தாளில் இருந்தது. அது சரியான தகவல்தான்.

அப்படியானால் முன்பாத்தி புளித்த மண், அதனால்தான் இலை வெளிறுகிறது என்று முடிவுசெய்தார்கள். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த வழி. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் நீறிய சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிட்டார்கள். இரண்டு பாத்தியிலும் வேறு வேறு எண் வந்ததே, அதுவே கருவி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று என்று மகன் எடுத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் முதல் பார்வையில் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. உரம் போடவேண்டிய நாளும் அதுதான். சுண்ணாம்பு தூவிய அதே மாலையில் கலப்பு உரத்தையும் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். இரவில் பாத்திப் பக்கம் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்ததாக அம்மா பின்னால் நினைவுபடுத்திச் சொன்னார். அம்மோனியம் உள்ள உரமும் சுண்ணாம்பும் ஈரத்தில் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். செடிக்கென்று போட்டதில் ஒரு பங்கு அன்றிரவே காற்றில் போய்விட்டது.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை

பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் முள் 5.5-லேயே நின்றது. சுண்ணாம்பு போதவில்லை என்று நினைத்து இன்னொரு 200 கிராம் போட்டார்கள். இலையின் வெளிறல் கூடியதால் உரத்தையும் 15 நாளிலிருந்து 10 நாளுக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். நான்காம் வாரம் முள் 5.5-க்கும் 6-க்கும் நடுவில் ஆடியது. மூன்றாவது முறையாகச் சுண்ணாம்பு போட்டார்கள். ஆக மொத்தம் சதுர மீட்டருக்கு 600 கிராம்.

பின்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் இந்தச் சுழல் எங்களுக்குப் புரிந்தது. சுண்ணாம்பு தழைச்சத்தைத் துரத்தியது. இலை வெளிறியது. வெளிறியதைப் பார்த்து உரம் கூடியது. உரம் கூடியதால் மண்ணில் கரைந்த உப்பு கூடியது. அந்த உப்பு மீட்டரின் முள்ளைப் புளிப்புப் பக்கமே பிடித்துவைத்தது. முள்ளைப் பார்த்து மறுபடி சுண்ணாம்பு. கருவி இல்லாமல் இருந்திருந்தால் முதல் சுற்றோடு நின்றிருக்கும்.

இதே சமயத்தில் ஈர அளவையும் அதே கருவியில்தான் பார்த்துவந்தார்கள். முன்பாத்தியில் எப்போது குத்தினாலும் முள் ‘நனைந்தது’ என்ற பகுதியிலேயே நின்றது. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகுகிறதோ என்று பயந்து, ஐந்தாம் வாரத்திலிருந்து தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார்கள். ஜன்னலிலிருந்தே பார்க்க வசதியாக இருக்கும் என்று கம்பியை மண்ணிலேயே குத்தி விட்டுவிட்டார்கள்.

ஏழாம் வாரம் தளிர் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை. கீழ் இலைகளின் ஓரம் பழுப்பாகித் தீய்ந்தது. பூ உதிர்ந்தது.

ஒன்பதாம் வாரம்: நான் பார்த்தது

எனக்குத் தகவல் வந்தது ஒன்பதாம் வாரத்தில். ஒரு தோட்டத்துக்குப் போனால் முதல் பத்து நிமிடம் எந்தக் கருவியையும் எடுக்காமல் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். இங்கே அந்தப் பத்து நிமிடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது.

வெளிறல் எந்த இலையில் தொடங்குகிறது என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. தழைச்சத்துக் குறைந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். செடி அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பிக்கொள்ளும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால் இரும்பு குறைந்தால் தளிர்தான் முதலில் மஞ்சளாகும், நரம்பு பச்சையாக நிற்கும். முன்பாத்தியில் தெளிவாக இரண்டாவது வகைதான் இருந்தது. புளிப்பு மண்ணில் இரும்பு நன்றாகக் கரையும், காரமண்ணில்தான் பூட்டிக்கொள்ளும். 5.5 என்ற எண்ணும் அந்த இலையும் பொருந்தவே இல்லை.

மண்ணின் மேல் வெண்மையான ஏடு படிந்திருந்தது. விரலை விட்டுத் தோண்டினேன். மேலே லேசான ஈரம், நான்கு அங்குலத்துக்குக் கீழே பொடியாக உதிர்ந்தது. பக்கத்திலேயே குத்தியிருந்த மீட்டர் ‘நனைந்தது’ என்று காட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, விரல் சொல்றதை நம்புறதா, முள்ளு சொல்றதை நம்புறதா?" என்று அம்மா கேட்டார்.

"விரலைத்தாம்மா" என்றேன். ஆனால் ஏன் என்று காட்டாமல் அதைச் சொல்வதில் பயனில்லை என்று எனக்கே தெரிந்தது. மகன் இரண்டு மாதமாக நம்பி வந்த கருவி அது.

வீட்டிலிருந்த வினிகரை இரண்டு பாத்தியின் மண்ணிலும் சில சொட்டு விட்டுப் பார்த்தோம். முன்பாத்தி மண் சலசலவென்று நுரைத்தது, பின்பாத்தி மண் சும்மா இருந்தது. நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல கால்சியம் கார்பனேட்டாக மாறும். அமிலம் பட்டதும் நுரைப்பது அதுதான். மண்ணில் தனிச் சுண்ணாம்பு மீந்து கிடக்கிறது, இன்னும் செலவாகவில்லை என்று அர்த்தம். நிஜமாகவே 5.5 இருக்கும் மண்ணில் அப்படி மிஞ்சி நிற்பது அரிது.

மீட்டரைச் சோதித்தோம்

இந்த வகைக் கருவிக்கு ஏன் பேட்டரி வேண்டாம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு கம்பிகளும் வெவ்வேறு உலோகம். ஈரமண்ணில் குத்தினால் கம்பியும் மண்ணும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாகிவிடும். அதிலிருந்து வரும் மின்னோட்டம் முள்ளைத் தள்ளும். ஈரம் என்றாலும் பி.எச் என்றாலும் முள்ளைத் தள்ளுவது அதே மின்னோட்டம்தான். அளவுகோல் மட்டும் வேறு. அந்த மின்னோட்டத்தை மண்ணின் புளிப்பு மாற்றும், உண்மை. ஆனால் ஈரமும், கரைந்த உப்பும், வெப்பமும், கம்பியின் மேல் படிந்த துருவும், மண் எவ்வளவு நெருக்கமாக ஒட்டுகிறது என்பதும் அதைவிட அதிகமாகவே மாற்றக்கூடும்.

முதலில் கருவியைத் துடைத்துக் காற்றில் பிடித்துப் பார்த்தோம். பி.எச் முள் 7-ல் நின்றது. அதாவது மின்னோட்டமே இல்லாதபோது அதன் ஓய்விடம் 7. பின்பாத்தியின் காய்ந்த மண்ணில் குத்தினோம். அசையாமல் அதே 7. முதல் வாரத்தில் பின்பாத்திக்குக் கிடைத்த 7 ஓர் அளவீடே இல்லை, முள் தன் இடத்தில் சும்மா இருந்திருக்கிறது. மகன் அந்த இடத்தில் மௌனமாகிவிட்டார்.

அடுத்து, முன்பாத்தியில் ஒரே இடத்தில், ஒரு சாண் வட்டத்துக்குள், ஐந்து முறை குத்தி எழுதினோம்: 5.5, 6.2, 5.8, 6.5, 5.4. பி.எச் அளவுகோலில் ஓர் எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிடும். 1909-ல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தபோதே மடக்கை முறையில்தான் அமைத்தார். ஒரு சாண் இடத்தில் 5.4-ம் 6.5-ம் வருகிறதென்றால் பத்து மடங்குக்கும் மேல் ஆட்டம். அந்த ஆட்டத்துக்குள் எந்த முடிவையும் எடுத்துவிடலாம்.

கடைசியாகச் செய்ததுதான் அம்மாவுக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது. கம்பியைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் பளபளக்கும்வரை தேய்த்தோம். பின்பாத்தி மண்ணை எடுத்து இரண்டு கோப்பைகளில் சமமாகப் போட்டு, காய்ச்சி வடித்த நீர் விட்டுச் சேறாக்கினோம். ஒன்றில் மட்டும் அரை ஸ்பூன் கலப்பு உரத்தைக் கரைத்து ஊற்றினோம். உரம் இல்லாத கோப்பையில் முள் 6.8, உரம் போட்டதில் 5.6. ஒரே மண், ஒரே நேரம், சுண்ணாம்பும் இல்லை, புளிப்பும் இல்லை. ஈரம் பக்கம் சுவிட்சைத் தள்ளியபோது உரக் கோப்பையில் முள் இன்னும் அதிகமாக ‘நனைந்தது’ பக்கம் ஓடியது. இரண்டிலும் தண்ணீர் ஒரே அளவு. தண்ணீர் குறைத்தது ஏன் தப்பாயிற்று என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

பேனா மீட்டரும் ஆய்வகமும்

என்னிடம் கண்ணாடி முனை உள்ள பேனா மீட்டர் இருந்தது. அதையும் அப்படியே நம்பக்கூடாது. பி.எச் முன்பே தெரிந்த 7.00, 4.01, 10.01 என்ற மூன்று திட்டக் கரைசல்களில் முக்கிச் சரிபார்த்த பிறகே எடுத்தேன். மண் 1 பங்கு, காய்ச்சி வடித்த நீர் 2.5 பங்கு, நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் விட்டு, மறுபடி கலக்கிப் பார்ப்பதுதான் முறை. குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் அந்தத் தண்ணீரின் காரமும் சேர்ந்து வந்துவிடும். முன்பாத்தி 8.1. பின்பாத்தி 7.1. உரம் கரைத்த கோப்பையிலும் வைத்துப் பார்த்தேன், 6.7. உப்பு சேர்ந்தால் பி.எச் சற்றே இறங்குவது உண்டு. ஆனால் 5.6-க்கு அருகில்கூட வரவில்லை.

என் கருவியும் ஒரு கருவிதானே. அதனால் ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். ஒவ்வொரு பாத்தியிலும் குறுக்கும் நெடுக்குமாக 8 இடங்களில், மேல் ஏட்டைத் தள்ளிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து ஒரு சீவல் எடுத்தோம். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிர் எதிர் பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்தோம். நிழலில் உலர்த்தினோம். உரக்குழிக்கு அருகிலும் வேலியோரத்திலும் எடுக்கவில்லை.

முன்பாத்தி பி.எச் 8.2, மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.6 டெசிசீமன்ஸ் என்று அறிக்கை வந்தது. பின்பாத்தி 7.1, 0.3. மின்கடத்துத்திறன் என்பது உப்பின் அளவைச் சொல்வது. இந்தக் கரைசல் முறையில் 1-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்பது வழக்கமான அளவுகோல். முன்பாத்தி அதைத் தாண்டியிருந்தது. அம்மாவின் மீட்டர் சொன்ன 5.5-க்கும் உண்மையான 8.2-க்கும் இடையே அமிலத்தன்மையில் 500 மடங்கு தூரம்.

இன்னும் அதிகமாக ஏறாமல் ஏன் 8.2-ல் நின்றது என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. தனிச் சுண்ணாம்பு மீந்திருக்கும் மண், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சமநிலைக்கு வரும்போது ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கும். அது நல்ல செய்தி மட்டுமல்ல. அந்தச் சுண்ணாம்பு தீரும்வரை பி.எச் கீழேயும் இறங்காது.

எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை

கந்தகம் போட்டுக் காரத்தைக் குறைத்துவிடலாமா என்று மகன் கேட்டார். புத்தகப்படி அது சரி. வேண்டாம் என்று சொன்னேன். கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றவேண்டும். அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வந்த அமிலமும் முதலில் மீந்த சுண்ணாம்பைத்தான் தின்னும். 1 கிலோ கந்தகம் ஏறக்குறைய 3 கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சரிக்கட்டும். போட்ட 600 கிராம் நீறிய சுண்ணாம்பு 800 கிராம் கார்பனேட்டுக்குச் சமம். அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 250 கிராமுக்கும் மேல் கந்தகம் வேண்டும், அதில் உண்டாகும் ஜிப்சம் ஏற்கெனவே உப்பு மிகுந்த மண்ணில் போய்ச் சேரும். ஒரு பொருளை அள்ளிப்போட்டதால் வந்த சிக்கலுக்கு இன்னொன்றை அள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. மண்ணில் போட்டதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. அம்மாவிடமும் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

கலப்பு உரத்தை உடனே நிறுத்தினோம். வெள்ளையாகத் திட்டுத்திட்டாகக் கிடந்த மேல் மண்ணை, கையுறை போட்டுக்கொண்டு, கரண்டியால் வழித்து அப்புறப்படுத்தினோம். அம்மா இதுவரை வெறுங்கையால்தான் சுண்ணாம்பைத் தூவியிருக்கிறார். தோலுக்கும் கண்ணுக்கும் அது ஆபத்து. அப்புறம் உப்பை வெளியேற்ற, நான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை, குழாயை மிக மெல்லத் திறந்து நீண்ட நேரம் பாத்தியை ஊறவிட்டோம். தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிப் போகிறதா என்று முதலில் ஒரு குழி தோண்டி ஊற்றிப் பார்த்தோம். வடியாத மண்ணில் இதைச் செய்தால் வேர்தான் மூச்சுத்திணறும்.

செடிகளுக்கு உடனடி உதவியாக, லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலையில் தெளித்தோம். ரோஜாவுக்கு மட்டும் செலேட் இரும்பு, அதாவது மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு, வாங்கி வேரில் விட்டோம். இதில் ஒரு கவனம் வேண்டும். ஈ.டி.டி.ஏ (EDTA) வகை செலேட் இந்தக் காரத்தில் நிலைக்காது, இரும்பை விட்டுவிடும். ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) வகைதான் தாங்கும். பெட்டியில் வெறுமனே செலேட் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று கேட்டு வாங்கவேண்டும். கடைசியாக இரண்டு விரல் தடிமனுக்கு மட்கு உரம் பரப்பி, மேலே காய்ந்த இலை மூடாக்கு.

மீட்டரைத் தூக்கிப்போடுகிறேன் என்றார் மகன். நான் தடுத்தேன். அது பொய்க் கருவி இல்லை. அதன் வேலை எதுவோ அதற்கு மட்டும் பயன்படுத்தவேண்டும். உரம் போடாத ஒரே தொட்டியில், ஒரே ஆழத்தில், நன்றாகத் தண்ணீர் விட்டதும் முள் எங்கே நிற்கிறது, விரலுக்கு மண் காய்ந்தது என்று தெரியும்போது எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்தால், அந்தத் தொட்டிக்கு அது ஓரளவு நம்பகமான ஈரமானி. குத்திப் பார்த்ததும் எடுத்துத் துடைத்து உலர வைக்கவேண்டும். மண்ணிலேயே விட்டால் கம்பி அரித்துப்போகும். பி.எச் பக்கத்தை மட்டும் அவர்கள் இனிப் பார்ப்பதில்லை.

பின்பு நடந்தது

இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு, பத்தாம் நாள் வாக்கில், புதிய தளிர்கள் பச்சையாக வந்தன. ஏற்கெனவே முழுதாக மஞ்சளாகிவிட்ட இலைகள் திரும்பவில்லை. மிளகாய் நன்றாகத் தேறியது. தக்காளியில் மூன்று செடிகளைப் பிடுங்கவேண்டி வந்தது. மற்றவை காய்த்தாலும் அந்தப் பருவத்து மகசூல் மிகக் குறைவுதான். ஒரு ரோஜா பிழைத்தது, ஒன்று பட்டுப்போயிற்று. பிழைத்ததைப் புது மண்கலவையோடு தொட்டிக்கு மாற்றினோம். பட்டுப்போனது அம்மா பல வருடமாக வளர்த்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் மறுபடி கொடுத்தோம். மின்கடத்துத்திறன் 1.6-லிருந்து 0.6-க்கு வந்திருந்தது. பி.எச் 8.2-லிருந்து 8.1. ஆறாம் மாதம் 7.9. உப்பைத் தண்ணீர் கொண்டுபோய்விடும், சுண்ணாம்பைக் கொண்டுபோகாது. பழைய 7.1 இன்னும் பல பருவங்களுக்கு வராது என்றே நினைக்கிறேன். முன்பாத்தியில் இப்போது காரத்தைக் கொஞ்சம் பொறுக்கக்கூடிய பீட்ரூட்டும் முட்டைக்கோசும். தக்காளி பின்பாத்திக்குப் போய்விட்டது.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் வாரத்தில் அந்த வீட்டில் நான் இருந்திருந்தால், முதல் எண்ணைக் கண்டதும் கம்பியைத் தேய்த்து, அதே இடத்தில் ஐந்து முறை குத்தச் சொல்லியிருப்பேன். அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தாலே சுண்ணாம்புப் பை திறந்திருக்காது. பிறகு உலர்ந்த இடத்தையும் நனைந்த இடத்தையும் ஒப்பிடாமல், இரண்டு பாத்திக்கும் ஒரே அளவு காய்ச்சி வடித்த நீர் விட்டு, ஊறிய பிறகு பார்க்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் சுண்ணாம்பு, கந்தகம் போன்ற எதையும் ஆய்வக அறிக்கை இல்லாமல் போட விட்டிருக்கமாட்டேன். வீட்டில் செய்யும் சோதனைகளில், நிறம் மாறுவதை வைத்து பி.எச் பார்க்கும் கரைசல் பெட்டியும் கொஞ்சம் நம்பத்தக்கதுதான், பி.எச் அளவுகோலில் அரை எண் வித்தியாசத்துக்குள் சொல்லும். முள் மீட்டருக்கு இரண்டாவது சாட்சியாக அதுவே போதும்.

அப்படியே ஓர் அறிக்கை வந்து, சுண்ணாம்பு தேவை என்றே இருந்தாலும், உரத்துக்கும் அதற்கும் சில வாரம் இடைவெளி வேண்டும். போட்டுப் பத்தே நாளில் மறுபடி அளந்து, மாறவில்லையே என்று இன்னொரு முறை போடக்கூடாது. சுண்ணாம்புக்கல் தூள் மண்ணோடு கலந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். நீறிய சுண்ணாம்பு வேகமானது, அதனாலேயே கை மீறிப் போவதும் சுலபம்.

என் பக்கத்திலும் மாற்றவேண்டியவை உண்டு. பிழைக்க வைக்கும் அவசரத்தில் ஊறவிடுதல், இலைத் தெளிப்பு, மட்கு உரம் மூன்றையும் ஒரே வாரத்தில் பாத்தி முழுக்கச் செய்துவிட்டேன். ஒரு ஓரத்தை ஒதுக்கியிருந்தால் எது எவ்வளவு உதவியது என்று சொல்ல முடிந்திருக்கும். இப்போது முடியவில்லை. தண்ணீரின் பி.எச்-ஐ நான் பார்த்ததே மூன்றாம் மாதத்தில்தான், 7.9 இருந்தது. பைகார்பனேட் உள்ள தண்ணீராக இருந்தால் அது ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் காரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதை முதல் நாளே பார்த்திருக்கவேண்டும். மழைநீரைச் சேமித்து முன்பாத்திக்கு விடும் ஏற்பாட்டை மகன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்.

ஆய்வக மாதிரியை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒன்றாகக் கலந்து எடுத்ததும் இங்கே பொருந்தவில்லை. சுண்ணாம்பு எல்லாம் மேலேயே நிற்கிறதா, கீழேயும் இறங்கிவிட்டதா என்பது அதில் மறைந்துபோயிற்று. அடுத்த மாதிரியைப் பன்னிரண்டாம் மாதத்தில், மேல் 7 சென்டிமீட்டர் தனியாகவும் அதற்குக் கீழே உள்ளது தனியாகவும் எடுத்து அனுப்புவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.